இடுப்பில் வைத்தது இடுப்பிலேயே இருக்க: எந்த உறை, எந்தப் பிடி?

பிளாக்ஸிகோ பர்ரஸ் அமெரிக்கக் கால்பந்தின் பெரிய நட்சத்திரமாக இருந்தவர். 2008 பிப்ரவரியில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு சூப்பர் பவுல் இறுதிப் போட்டியை வென்று தந்த பந்தைப் பிடித்தவர் அவர்தான். அதே ஆண்டு நவம்பர் கடைசியில் நியூயார்க்கின் ஓர் இரவு விடுதிக்குப் போனார். போட்டிருந்தது ஜாகிங் பேன்ட். அதன் இலாஸ்டிக்கில், உறை எதுவும் இல்லாமல், ஒரு கிளாக் கைத்துப்பாக்கி. அது காலோடு சரிந்து இறங்கியது, அவர் பிடிக்கப் போனார், விரல் விசையில் (ட்ரிகரில்) பட்டது. குண்டு அவருடைய தொடையிலேயே பாய்ந்தது. மறு ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டு 2 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

2018 ஜூனில் டென்வரில் நடந்தது இதற்கு நேர் தம்பி. பணியில் இல்லாத ஓர் எஃப்பிஐ அதிகாரி மதுக்கூடத்தில் நடனமாடிக்கொண்டே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்தார். இடுப்பிலிருந்த துப்பாக்கி தரையில் விழுந்தது. அவசரமாக அள்ளினார், வெடித்தது. அருகில் நின்றவரின் காலில் குண்டு. இத்தனைக்கும் இவர் பயிற்சி பெற்றவர், உறையும் வைத்திருந்தவர்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். துப்பாக்கி விழுந்த அதிர்ச்சியில் வெடிக்கவில்லை. இன்றைய கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை கீழே விழுந்தால் வெடிக்காதபடிதான் வடிவமைக்கப்படுகின்றன. விழுவதைப் பிடிக்கப் போன கையும், விழுந்ததை அள்ளிய கையும்தான் விசையை அழுத்தின. ஆகவே உறை வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது இரண்டு கேள்விகள். தானாக வெளியே வராமல் இது பிடிக்குமா? கழற்ற வேண்டி வந்தால், துப்பாக்கியை உருவாமல், உறையோடு சேர்த்தே கழற்ற முடியுமா? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்கிறவர்கள் குறைவு. என் கணக்கில் அதுதான் பெரிய கேள்வி.

மேலே போகுமுன் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அதை நம்பி இறங்குமுன் வக்கீலைக் கேளுங்கள். கிரீன் கார்டு வந்தபின் கதை வேறு. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத்தடை எதுவும் இல்லாத 21 வயதானவர் உரிமம் எடுக்காமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். இதில் ஒரு பக்கவிளைவு உண்டு. உரிமத்துக்கான வகுப்பில், வெளியே தெரியும்படி துப்பாக்கி வைத்திருப்பவர் அதை உறையில் எப்படிப் பாதுகாப்பது என்பதும் ஒரு பாடம். உரிமம் வேண்டாம் என்றவர்களுக்கு அந்த வகுப்பும் இல்லாமல் போயிற்று. துப்பாக்கிக்கு 500 டாலர் கொடுத்தவர் உறைக்கு 15 டாலர் கொடுப்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

உறையின் பாதுகாப்பு மூன்று இடங்களில் இருக்கிறது. துப்பாக்கியை உறை பிடிக்க வேண்டும், உறையை பெல்ட் பிடிக்க வேண்டும், பெல்ட் உடம்பைப் பிடிக்க வேண்டும். மூன்றில் எது தளர்ந்தாலும் மற்ற இரண்டும் வீண்.

துப்பாக்கியும் உறையும்

அந்த 15 டாலர் நைலான் உறையின் அட்டையில் 'எல்லா மாடலுக்கும் பொருந்தும்' என்று போட்டிருக்கும். உங்கள் துப்பாக்கிக்கென்று அது அளவெடுத்துச் செய்யப்படவில்லை என்பதே அதன் பொருள். துணி தொளதொளவென்று இருக்கும், விசையைச் சுற்றியிருக்கும் விசைக்காப்பு வளையத்தின் மேல் விறைப்பாக எதுவும் இருக்காது, வெளியிலிருந்து அழுத்தினால் துணியோடு சேர்ந்து விசையும் அமுங்கலாம். இதை ஒப்பீட்டில் சேர்ப்பதே அதற்கு நாம் தரும் மரியாதை. அடுத்ததற்குப் போவோம்.

தோலுக்கும் கைடெக்ஸ் என்னும் பிளாஸ்டிக்குக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. ஈரத்தில் அச்சிட்டுச் செய்த நல்ல தோல் உறை உடம்போடு ஒட்டி இருக்கும், உறுத்தாது, சத்தம் போடாது. ஆனால் தோல் வியர்வையைக் குடிக்கும். ஹூஸ்டன் கோடையில் நாள் முழுக்க உடம்போடு இருந்தால் ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் வாய்ப்பகுதி மென்மையாகும். மென்மையான வாய் ஒருநாள் உள்பக்கமாக மடியும். அந்த மடிப்பு விசைக்காப்பு வளையத்துக்குள் நுழைந்திருக்கும்போது துப்பாக்கியை அழுத்திச் செருகினால், விசையை அமுக்குவது உங்கள் விரலாக இல்லாமல் தோலாக இருக்கும். இப்படி வெடித்த துப்பாக்கிகள் உண்டு. தோல்தான் வேண்டும் என்பவர்கள், வாய்ப்பகுதியில் கூடுதல் பட்டையோ உள்ளே தகடோ வைத்துத் தைத்ததை மட்டும் பாருங்கள்.

கைடெக்ஸ் என்பது அக்ரிலிக்கும் பிவிசியும் கலந்த பிளாஸ்டிக் தகடு. 1965-இல் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் தயாரிக்கத் தொடங்கியது. விமானங்களின் உட்புறச் சுவர்களுக்கெல்லாம் அதைப் பயன்படுத்தினார்கள். சூடாக்கி, துப்பாக்கியின் அச்சின் மேல் அழுத்தினால் அதே வடிவத்தில் இறுகிவிடும். துப்பாக்கியைச் செருகும்போது விசைக்காப்பு வளையம் போய் உட்காரும் இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பிடி எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதை ஒரு திருகாணியால் கூட்டிக் குறைக்கலாம். குறைகளும் உண்டு. வெறும் உடம்பில் பட்டால் உறுத்தும். கொளுத்தும் வெயிலில் காரின் டாஷ்போர்டில் விட்டால் வளையலாம். திருகாணி போகும் வளைவில் விரிசல் விழலாம். ஆனால் விரிசல் கண்ணுக்குத் தெரியும். தோல் தளர்வது நாளுக்கு நாள் நடப்பதால் கண் பழகிப்போய்விடும். பின்புறம் தோல், முன்புறம் கைடெக்ஸ் என்று வரும் கலப்பு உறைகள் உட்காரச் சுகமானவை. ஆனால் தோல் பக்கம் இளகினால் பிடியும் இளகும். அன்றாட உபயோகத்துக்கு என் வாக்கு முழுக் கைடெக்ஸுக்குத்தான்.

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டியை) கழற்றி, துப்பாக்கியின் குண்டறையில் குண்டு இல்லையென்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிடுங்கள். காலித் துப்பாக்கியை உறையில் செருகி, கட்டிலுக்கு மேலே தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறுங்கள். விழுந்தால் திருகாணியை இறுக்குங்கள். இறுக்கியும் விழுந்தால் அந்த உறை வேண்டாம்.

கடைகளில் 'லெவல் 1', 'லெவல் 2' என்று சொல்வார்கள். இந்த அளவுகோலைக் கொண்டுவந்தவர் முன்னாள் எஃப்பிஐ அதிகாரி பில் ராஜர்ஸ். அவருடைய கணக்கு கண்டிப்பானது. பிறர் ஒருவர் துப்பாக்கியின் கைப்பிடியைப் பற்றி 5 விநாடி முழுப்பலத்தோடு இழுத்தாலும் அது வெளியே வரக்கூடாது. அதுதான் லெவல் 1. ஒரு பூட்டை விடுவித்த பிறகும் இன்னொரு 5 விநாடி தாங்கினால் லெவல் 2. இப்போதோ வெறும் உராய்வுப் பிடி உள்ள உறைக்கும் லெவல் 1 என்று பெயர் வைத்து விற்கிறார்கள். எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். சட்டைக்குள், பேன்ட்டுக்குள் மறைத்து வைப்பவருக்குத் தனிப் பூட்டு அவசியமில்லை. நல்ல உராய்வுப் பிடியோடு பெல்ட்டின் அழுத்தமும் மேலே சட்டையும் சேர்ந்தால் போதும். வெளியே தெரியும்படி வைப்பவருக்குப் பூட்டு வேண்டும், அதுவும் கட்டைவிரலால் திறப்பது. ஆள்காட்டி விரலால் பொத்தானை அழுத்தித் திறக்கும் செர்பா வகை உறைகளைப் பல பயிற்சிப் பள்ளிகள் அனுமதிப்பதில்லை. பொத்தானை அழுத்திய அதே விரல், துப்பாக்கி வெளியே வரும் வேகத்தில் விசையில் போய் நிற்பதுதான் காரணம்.

உறையும் பெல்ட்டும்

பணம் செலவழித்து வாங்கிய உறையை மூன்று டாலர் கிளிப் கெடுக்கும் இடம் இது. அடிக்கடி நடக்கும் கோளாறு என்னவென்றால், துப்பாக்கியை உருவினால் உறையும் கூடவே வந்துவிடும். கிளிப் பெல்ட்டைக் கவ்வியிருப்பதாக நாம் நினைப்போம். அது பெல்ட்டின் மேல் சும்மா சாய்ந்திருக்கும்.

மலிவான பிளாஸ்டிக் கிளிப்பின் முனையில் இருக்கும் கொக்கி போதிய ஆழம் இருக்காது. பெல்ட்டுக்குக் கீழே போய் மாட்டிக்கொள்ளாது. அளவும் பொருந்தாது. துப்பாக்கிக்கென்று விற்கும் பெல்ட்டுகள் பெரும்பாலும் ஒன்றரை அங்குல அகலம்; கிளிப் ஒன்றேமுக்கால் அங்குலத்துக்குச் செய்தது என்றால், அந்தக் கால் அங்குல இடைவெளியில் உறை நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். உலோக ஸ்பிரிங் கிளிப் இதைவிடப் பலமடங்கு மேல். அதன் முனை பெல்ட்டின் கீழ் விளிம்புக்கு அடியில் வளைந்து பிடிக்கும். மெல்லியது என்பதால் சட்டைக்கு மேலே புடைக்காது. ஒரே கிளிப் உள்ள உறை அந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்பும். இரண்டு கிளிப் என்றால் நின்ற இடத்தில் நிற்கும். பெல்ட் இல்லாமலே துணியைக் கவ்விப் பூட்டும் வகையும் கிடைக்கிறது. அது துணியை விடாது, உண்மைதான். ஆனால் துணி மெல்லியதாக இருந்தால் துணியே துப்பாக்கியின் எடையில் சரியும்.

வளையம் இன்னொரு வழி. பெல்ட் வளையத்தின் ஊடாகப் போவதால் அதைப் பிடுங்க முடியாது. பிடிப்பு மட்டும் போட்டி என்றால் வளையத்துக்கே முதலிடம். ஆனால் மூடிய வளையத்தைக் கழற்ற பெல்ட்டையே உருவ வேண்டும். இங்கேதான் அந்த இரண்டாவது கேள்வி வருகிறது. தபால் நிலையத்துக்குள் துப்பாக்கி கொண்டு போகக்கூடாது. வாகன நிறுத்தமும் தபால் துறையின் இடம் என்றால் அங்கும் தடை. பள்ளிக் கட்டடத்துக்குள் கூடாது. டெக்சாஸில் '51%' என்று சிவப்பில் எழுதிய பலகை (வருமானத்தில் பாதிக்கு மேல் மதுவிலிருந்து வருகிறது என்று பொருள்) தொங்கும் மதுக்கூடத்துக்குள் கூடாது. 30.06 என்ற சட்டப்பிரிவு எண்ணோடு பலகை வைத்த கடைக்குள் உரிமம் உள்ளவர் மறைத்து எடுத்துச் செல்லக்கூடாது. ஆக, ஒரு நாளில் இரண்டு மூன்று முறை துப்பாக்கியைக் கழற்றிப் பெட்டியில் வைக்க வேண்டி வரும். மூடிய வளையம் போட்டவர் கார் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு பெல்ட்டை உருவ மாட்டார். துப்பாக்கியை மட்டும் உருவுவார். குறுகிய இடம், அவசரம், கையில் தோட்டா நிறைத்த துப்பாக்கி. திரும்பி வந்ததும் உட்கார்ந்தபடியே, பார்க்க முடியாத கோணத்தில், அதை மறுபடி செருகுவார். தற்செயலாக வெடிக்க இதைவிடத் தோதான சூழ்நிலை வேறில்லை. கிளிப் வைத்தவர் உறையோடு கழற்றி அப்படியே பெட்டிக்குள் வைக்கிறார். விசை மூடியே இருக்கிறது.

எனவே என் பிரிப்பு இப்படி. காலையில் கட்டி இரவில் கழற்றும் வாழ்க்கை உள்ளவர், சொந்தக் கடையில் நாள் முழுக்க நிற்பவர், வளையம் வாங்கலாம். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, அலுவலகம் போய், வழியில் நாலு கடை ஏறி இறங்குபவர் இரண்டு உலோக கிளிப் உள்ளதை வாங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒன்று இருக்கிறது. அழுத்துபொத்தான் வைத்த வளையம், அதிலும் ஒரே பக்கத்திலிருந்து இழுத்தால் மட்டும் திறக்கும் பொத்தான் வைத்தது. பெல்ட்டை உருவாமல் கழற்றலாம், மற்ற பக்கங்களில் இழுத்தால் விடாது. அந்தப் பொத்தான் தேய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திருகாணிகளைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் இருக்க முடியவில்லை. நடக்கும்போதும் வண்டியில் போகும்போதும் உண்டாகும் அதிர்வில் அவை மெல்ல மெல்லத் தளரும். ஒருநாள் கிளிப் கையோடு வரும். மரையைப் பிடித்துவைக்கும் பசையில் நீல வகையைப் பயன்படுத்துங்கள்; சிவப்பு வேண்டாம், அதைத் திறக்கச் சூடு காட்ட வேண்டியிருக்கும், சூடு கைடெக்ஸுக்கு ஆகாது. நீலத்தையும் மரையில் ஒரு துளி மட்டும். வழிந்து பிளாஸ்டிக்கில் பட்டால் சில வகைப் பிளாஸ்டிக்குகளில் வெடிப்பு விழும். காய்ந்த பிறகு திருகாணித் தலையிலிருந்து உறை வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். கோடு விலகியிருந்தால் திருகாணி சுற்றியிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும்.

பெல்ட்டும் உடம்பும்

கிளாக் 19 தோட்டா நிரப்பிய நிலையில் ஏறத்தாழ 855 கிராம். கால்சட்டை கழன்று விழாமல் இருக்கப் போடும் சாதாரணப் பெல்ட்டில் இதைத் தொங்கவிட்டால், ஈரத்துணி காயும் கொடி போல் அந்த இடம் மட்டும் தொய்யும். உறை வெளிப்பக்கம் சாயும், சட்டை புடைக்கும், நீங்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையை வைத்துச் சரிசெய்வீர்கள். கடையில் நின்று இடுப்பைத் தடவிக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் போதும், என்ன வைத்திருக்கிறார் என்று ஊருக்கே தெரியும். உள்ளே விறைப்பான பட்டை வைத்துத் தைத்த பெல்ட் 50 டாலரிலிருந்து கிடைக்கிறது. உறையை மாற்ற வேண்டும் என்று நினைக்கிறவர்கள் முதலில் பெல்ட்டை மாற்றிப் பாருங்கள். பாதிப் புகார் அதிலேயே போய்விடும்.

பெல்ட்டே இல்லாத உடைகளுக்கு என்ன செய்வது? சுடிதார், லெகின்ஸ், ஓட்டத்துக்கான கால்சட்டை இவற்றுக்கெல்லாம் வயிற்றைச் சுற்றிக் கட்டும் இலாஸ்டிக் பட்டை விற்கிறார்கள். வெறும் துணிப்பை வைத்த பட்டை என்றால் நைலான் உறைக்குச் சொன்ன குறை அத்தனையும் இதற்கும் பொருந்தும். கைடெக்ஸ் உறையை ஒரு தகட்டில் பூட்டி, அந்தத் தகட்டை உடுப்போடு சம்பந்தமில்லாமல் தனிப்பட்டையால் இடுப்பில் கட்டிக்கொள்ளும் அமைப்புகள் இப்போது வந்திருக்கின்றன. பெண்களுக்கு இதுவரை கிடைத்தவற்றில் இதுவே உருப்படியான வழி என்பேன். விலை கொஞ்சம் அதிகம்தான்.

எல்லாம் கட்டி முடித்த பிறகு, காலித் துப்பாக்கியோடு வீட்டுக்குள் ஒரு மணி நேரம் நடமாடுங்கள். செருப்பு மாட்டக் குனியுங்கள், தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள், 20 பவுண்டு அரிசி மூட்டையைத் தூக்கி ஷெல்ஃபில் வையுங்கள், காரில் ஏறி சீட் பெல்ட் போட்டுக் கழற்றுங்கள். உறை நகர்ந்தால் இங்கேயே நகரட்டும்.

முன்பக்கமா, இடுப்புப் பக்கமா

தொப்புளுக்கு வலப்புறம் முன்னால் வைப்பதை அப்பெண்டிக்ஸ் என்கிறார்கள். தொப்புளை 12 மணி என்று வைத்தால், கடிகார முள் கணக்கில் இது 1 மணி. வலது இடுப்பின் பின்புறம் 4 மணி. பாதுகாப்பை மட்டும் பார்த்தால் முன்பக்கத்தில் லாபம் அதிகம். கண்ணெதிரே இருக்கிறது, கூட்டத்தில் யார் கை பட்டாலும் தெரியும், குனிந்தால் சட்டை தூக்கி வெளியே காட்டாது. 4 மணியில் வைத்தவர் கீழ்த்தட்டில் இருக்கும் பருப்புப் பொட்டலத்தை எடுக்கக் குனிந்தால் பின்னால் நிற்பவருக்குத் தரிசனம்தான். ஆனால் முன்பக்கத்தில் துப்பாக்கியின் வாய் தொடைத் தமனியை நோக்கி இருக்கிறது. தவறு நடந்தால் அதன் விலை மிகப் பெரியது. அதனால் முன்பக்கம் வைப்பவருக்கு ஒரு கட்டுப்பாடு. செருகும்போது சட்டை நுனியும் நாடாவும் உறையின் வாயில் இல்லையென்று குனிந்து பார்த்து, மெதுவாகச் செருக வேண்டும். அதைவிடவும் நல்லது, துப்பாக்கியை வெளியிலேயே உறையில் செருகி, உறையோடு சேர்த்து இடுப்பில் மாட்டிக்கொள்வது. பெரிய வயிறு உள்ளவர்களுக்கு முன்பக்கம் உட்கார விடாது. அவர்கள் 4 மணிக்குப் போவதில் தவறில்லை, குனியாமல் முழங்காலை மடித்து இறங்கப் பழகிக்கொண்டால்.

கணுக்கால் உறையும் தோள் உறையும் சினிமாவில் அழகு. கணுக்காலில் ஓடினால் ஆடும். தோளில் வைத்தால் மேலே கோட்டைக் கழற்ற முடியாது. பாக்கெட்டில் வைப்பதற்கு 400 கிராம் அளவிலான சிறிய ரிவால்வர்கள் சரிப்படும், ஆனால் பாக்கெட்டுக்கென்று செய்த உறை வேண்டும், அந்தப் பாக்கெட்டில் சாவியோ சில்லறையோ வேறெதுவுமே இருக்கக்கூடாது.

கழிப்பறை

2015-இல் வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தைக் காக்கும் போலீசார் துப்பாக்கிகளைக் கழிப்பறைகளில் விட்டுவிட்டுப் போனது செய்தியானது. அவற்றில் ஒன்று, சபாநாயகர் அலுவலகப் பகுதியின் கழிப்பறையில் இருந்தது. பெற்றோருடன் சுற்றிப் பார்க்க வந்த ஒரு குழந்தை அதைக் கண்டெடுத்தது. காவல் வேலையே செய்பவர்களுக்கு இந்த நிலை.

கதவுக் கொக்கியில் மாட்டுவது, தாள் வைக்கும் பெட்டி மேல் வைப்பது, தொட்டி மேல் வைப்பது எல்லாம் இந்தக் கதையில்தான் போய் முடியும். துப்பாக்கி உறையை விட்டு வெளியே வரவே கூடாது. பெல்ட்டைத் தளர்த்தியதும் எடை எல்லாவற்றையும் கீழே இழுக்கும், உறை பக்கத்து அறைக்காரரின் கண்ணுக்குத் தெரியும்படி தரையில் சாயும். உட்கார்ந்ததும் பெல்ட்டை முழங்காலுக்கு மேலே மறுபடி மாட்டிவிட்டால் உறை நிமிர்ந்து நிற்கும். அதுவும் முடியாதென்றால் கிளிப்பைக் கழற்றி, உறையோடு அப்படியே, இறக்கிய பேன்ட்டின் நடுவில் வைத்துக்கொள்ளலாம். எழுந்திருக்க வேண்டுமென்றால் அதைத் தொட்டாக வேண்டும், மறக்க வழியில்லை. மூடிய வளையம் போட்ட உறையில் இந்த இரண்டாவது வழி கிடையாது.

கைப்பை, முதுகுப்பை, கார்

2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் நகரில், ஒரு வால்மார்ட் கடையில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த 2 வயதுக் குழந்தை தாயின் கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டது. தாய் அங்கேயே இறந்துபோனார். அந்தப் பை துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துச் செய்தது. பை உடம்பை விட்டுப் பிரியும். அதைப் பிரிக்காமல் நாள் முழுக்க இருக்க எவராலும் முடியாது. மறதி இன்னொன்று. 2023-இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737. அவற்றில் 93 விழுக்காடு தோட்டா நிரப்பியவை. பிடிபட்டவர்களில் பலர் சொல்வது, பையில் இருந்ததே நினைவில்லை என்பது. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பையில் வைப்பதை நான் ஒரு தேர்வாகவே கணக்கில் எடுக்க மாட்டேன்.

காரில் வைக்க வேண்டி வந்தால் எஃகுப் பெட்டி, அதை இருக்கையின் அடிச்சட்டத்தோடு கட்டும் கம்பி வடம், இரண்டும் வேண்டும். பெட்டி வாங்கும்போது துப்பாக்கியை மட்டும் வைத்து அளவு பார்க்காதீர்கள். கிளிப்போடு, உறையோடு சேர்த்து உள்ளே போகிறதா என்று பாருங்கள். சிறிய பெட்டி வாங்கியவர் உறையை வெளியே விட்டுத் துப்பாக்கியை மட்டும் உள்ளே வைப்பார். மேலே சொன்ன அத்தனை ஏற்பாடும் அந்த ஓர் அங்குலத்தில் போய்விடும். வண்டியை நிறுத்தும் இடத்துக்கு வந்து சேருமுன்பே பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து நீங்கள் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்தான் கண்ணாடியை உடைப்பார். டெக்சாஸில் 17 வயதுக்குக் குறைந்தவர் கைக்கு எட்டும்படி நிறைத்த துப்பாக்கியை அலட்சியமாக விட்டு, அதை அந்தப் பிள்ளை எடுத்துவிட்டால், அதுவே தனிக்குற்றம். கோயிலுக்கோ குழந்தைகள் பிறந்தநாள் விருந்துக்கோ போகும் நாளில் வீட்டுப் பெட்டியிலேயே விட்டுப் போவதுதான் என் பழக்கம். விழுந்து கும்பிடும் இடத்துக்கு எந்த உறையும் சரிவராது.

மொத்தம் 150 டாலர் இருக்கிறது, எதில் போடுவது என்றால்: 80 டாலர் அளவில் உங்கள் மாடலுக்கென்றே செய்த, இரண்டு உலோக கிளிப் வைத்த கைடெக்ஸ் உறை; மீதியில் விறைப்பான பெல்ட். பெட்டி அடுத்த மாதச் சம்பளத்தில் வரலாம், ஆனால் அது வரும்வரை துப்பாக்கியைக் காரில் விடும் வேலையே வேண்டாம். வாங்கியதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். திருகாணி வளைவில் மயிரிழை விரிசல், கிளிப்பின் ஸ்பிரிங் விலகல், வயிற்றுப் பட்டையின் இலாஸ்டிக் தளர்ச்சி, தோலின் வாய் மடிப்பு, இதில் எது இருந்தாலும் கழித்துவிடுங்கள். கழித்ததைக் குப்பையில் போடுமுன் கத்தரியால் குறுக்கே வெட்டிவிடுங்கள். பழைய பொருள் கடையில் 5 டாலருக்கு அதை வாங்கிக் கட்ட ஆள் இருக்கிறது.